அதலைக்காய் ஒரு ராத்திரி தாங்காது

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. வேலை முடிந்து வரும் வழியில், மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு பாட்டி தரையில் சாக்கை விரித்து அதலைக்காயைக் குவித்து வைத்திருந்தார். அரைக் கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே அடுப்படி மேடையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, காய் வெடிச்சுக் கெடக்கு."

பாதிக் காய் வாய் பிளந்திருந்தது. பைக்குள் ஈரமும் விதையுமாக ஒரே பிசுபிசுப்பு. அம்மா நடந்து வந்து எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். "ஏன்டா, அதலக்காய வாங்குனா அடுப்பப் பத்த வச்சுட்டுத்தான் பையவே எறக்கணும். இத ராத்திரி பூரா தூங்க விட்டிருக்கியே."

மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் இல்லாதவர்களுக்கு இந்தக் காயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாகற்காய்க்கு உறவு. பாகலைப் பாதி விரல் நீளத்துக்குச் சுருக்கி, முள்ளை எடுத்துவிட்டு, மேலே நெடுக வரி போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கசப்பும் உண்டு. யாரும் இதை விதைப்பதில்லை. கிழங்கு கரிசல் மண்ணுக்குள் வெயில் காலம் முழுக்கச் செத்தது மாதிரி கிடக்கும். மழை இறங்கியதும் வரப்பிலும் வேலியிலும், பருத்தி, சோளம் நிற்கிற காட்டுக்குள்ளும் கொடி ஓடிக் காய்க்கத் தொடங்கும். பறித்த பிறகு பொறுமையே கிடையாது. ஒரு நாள், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் வெடித்துவிடும். அதனால்தான் எந்தப் பெரிய கடையின் ஏசி அலமாரியிலும் இதை நான் பார்த்ததில்லை. லாரியில் ஏற்றி, குடோனில் வைத்து, பார்கோடு ஒட்டி விற்க முடியாத காய். அந்தந்தப் பருவத்தில், அந்தந்த ஊரில், அன்றன்றைக்கே தின்ன வேண்டியது.

நான் மதுரையில் வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். தோட்டம் கிடையாது. மொட்டை மாடியில் நாலு தொட்டி கறிவேப்பிலையும் ஒரு பிரண்டையும், அவ்வளவுதான். பருவத்துக்குப் பருவம் விளைவதைச் சாப்பிடுவது என்று கொள்கை எதுவும் எடுத்துக்கொண்டு நான் இறங்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. காய் வாங்கும் பை என் கைக்கு வந்தது. கதை அவ்வளவுதான்.

முதல் வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்ன வந்திருக்கோ அத வாங்கிட்டு வா" என்றாள். எனக்கு அது பதிலாகவே படவில்லை. நான் பழகியது வேறு முறை. திங்கட்கிழமை சாம்பார், செவ்வாய்க்கிழமை பீன்ஸ் பொரியல் என்று சமையலை முதலில் முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போவது. அம்மாவோ சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அன்றைக்கு என்ன சமையல் என்றே யோசிப்பாள். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசக்காட்டில் வளர்ந்தவள். அங்கே காட்டுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் குழம்பு.

அண்ணா நகர் உழவர் சந்தை எனக்கு நடை தூரம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர் 14-ல் கலைஞர் திறந்து வைத்தது. விவசாயிகளுக்கு அடையாள அட்டை உண்டு, கடைக்கு வாடகை கிடையாது, தராசு அங்கேயே கொடுப்பார்கள். தினமும் காலையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலைக்கு மேலே கொஞ்சம், வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழே கொஞ்சம் என்பது கணக்கு. நான் போகத் தொடங்கிய புதிதில் அந்தப் பலகையை விலை பார்க்க மட்டும்தான் பார்த்தேன். இரண்டு மூன்று மாதம் போன பிறகுதான் அது ஒரு பஞ்சாங்கம் என்று தெரிந்தது. நேற்றைவிட இன்றைக்கு, போன வாரத்தைவிட இந்த வாரம் எது இறங்கிக்கொண்டே வருகிறதோ, அதற்குப் பருவம் வந்துவிட்டது. சரி, அதை வாங்க வேண்டியதுதான்.

பலகையும் சில சமயம் ஏமாற்றும் என்பது அப்புறம் தெரிந்தது. விலையை ஏற்றி இறக்குவது மழையும் வெயிலும் மட்டுமில்லை. ஆவணி, தை, வைகாசி முகூர்த்த நாட்களுக்கு முந்தின நாள் கத்தரிக்காயும் அவரையும் காரணமே இல்லாமல் ஏறி நிற்கும். காரணம் கல்யாண மண்டபத்தில் இருக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, காய் சும்மா கிடக்கும். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சியை விட்டுவிடும், கோழி விலை இறங்கும், காய் விலை ஏறும். நாட்காட்டிப் பருவம் ஒன்று, சாமிப் பருவம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டும். சந்தையில் உட்கார்ந்திருக்கிற அக்காக்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

ஆனால் நான் சொல்ல வந்த காய்கள் அந்தப் பலகையில் இருக்காது. அவை சந்தைக்கு வெளியே, நடைபாதையில், சாக்கு விரிப்பில் இருக்கும். அதலைக்காய், சுக்காங்காய், கொடுக்காப்புளி, இலந்தை, நாவல், பனங்கிழங்கு. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். தோட்டம் வைத்து விளைவித்தது இல்லை, வேலியிலும் கண்மாய்க் கரையிலும் பொறுக்கியது. முதல் பஸ்ஸில் ஒரு மூட்டையோடு வருவார்கள், விற்றதும் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்குப் போனால் இருந்த இடமே தெரியாது. "வெள்ளனே போடா" என்று அம்மா விரட்டுவது இதற்குத்தான்.

எது உள்ளூர்க் காய் என்பதற்கு என் அளவுகோலும் இந்த முதல் பஸ்தான். காலைப் பஸ்ஸில் ஒரு கிழவி மடியிலோ தலையிலோ சுமந்து வந்து சேரக்கூடிய தூரமா? அப்படியானால் உள்ளூர். இந்த அளவுகோலில் கொடைக்கானல் சறுக்கும். 100 கிலோமீட்டருக்கு மேலே, மலை வேறு. அம்மா இன்றைக்கும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்வாள், விருந்தாளிகளுக்கு ஆக்குகிற காய் என்கிற தோரணையில். நான் கொடைக்கானலை ஒன்றுவிட்ட சொந்தமாக வைத்திருக்கிறேன். மே மாதம் பிளம்ஸ் வந்தால் வாங்குவேன். மழைக் காலத்தில் பேரிக்காயும் பட்டர் பீன்ஸும் வாங்குவேன். பல்லாரி வெங்காயத்தில் என் கொள்கை மொத்தமாகத் தோற்றது. மகாராஷ்டிரத்திலிருந்து லாரி ஏறி வருகிற பல்லாரி இல்லாமல் என் வீட்டில் ஒரு வாரம் ஓடாது. திண்டுக்கல் வெங்காயத்தை உரித்துக்கொண்டு உட்கார எல்லா நாளும் முடிகிறதா என்ன. வெங்காயம் என்றாலே எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயம்தான், பெரியதற்குத்தான் பல்லாரி என்று தனிப் பெயர். பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது.

மழைக் காலத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மதுரையின் வருடம் அங்கேதான் தொடங்குகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் சந்தைக்குக் கஷ்ட காலம். கீரை அழுகும். தக்காளி வெடித்து வரும். முருங்கைப் பூ மழையில் கொட்டிவிடும், அதனால் கார்த்திகையிலிருந்து தை வரை முருங்கைக்காயை நகைக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக எண்ணித்தான் கொடுப்பார்கள். 2021 நவம்பரில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். 2023 ஜூலையிலும் தாண்டியது. அரசே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது அப்போதுதான். அந்த ஜூலையில் என் வீட்டில் ரசம் புளியை மட்டும் நம்பி இருந்தது. சாம்பாரில் மாங்காய் போட்டோம், குழம்பில் புளியைக் கூட்டினோம். இரண்டாவது வாரத்தில் மகள், "நம்ம வீட்ல மட்டும் ஏன் எல்லாமே புளிக்குது?" என்றாள். அம்மாவுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அவள் சின்ன வயதில் தக்காளி எப்போதாவது வருகிற பண்டம்.

மார்கழி பிறந்து பனி இறங்கினால் சந்தைக்கு முகமே மாறிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைத்ததெல்லாம் கைக்கு வருகிற காலம். பந்தல் அவரை, பச்சை மொச்சை, துவரங்காய், கத்தரி, தட்டாங்காய், சர்க்கரைப் பூசணி. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் சேனை, கருணை, சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு என்று மண்ணுக்கு அடியில் இருந்ததெல்லாம் மேலே வந்துவிடும். கரும்பும் மஞ்சள் கொத்தும் சாலையை அடைத்துக்கொள்ளும்.

மொச்சையை உரிக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கிலோ மொச்சை வாங்கினால் பாதிக்கு மேல் தோடு. உரிக்க உரிக்க விரலில் ஒரு பச்சை எண்ணெய் ஏறும், சோப்புப் போட்டாலும் அன்று ராத்திரி வரை கையில் அந்த வாசனை இருக்கும். எனக்குப் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது. முதல் வருடப் பொங்கலுக்கு மொச்சை 2 கிலோ, துவரை 1 கிலோ, பனங்கிழங்கு ஒரு கட்டு, சிறுகிழங்கு 1 கிலோ என்று நான் பெருமையாக வாங்கிக்கொண்டு வந்து இறக்கினேன். அவள் அலுவலகத்திலிருந்து வந்து, அவற்றைப் பார்த்து, என்னைப் பார்த்து, "வாங்குறது நீங்க. ஆயுறது யாரு?" என்றாள்.

பதில் இல்லை. பருவத்துக்கு ஏற்ற சாப்பாட்டைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் உடம்புக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது, விவசாயிக்கு நல்லது என்று எல்லாம் இருந்தது. ஆய்கிறவர் யார் என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்தெடுக்க வேண்டும், அப்புறமும் கண்ணு கண்ணாகத் தோண்டித் தோல் எடுக்க வேண்டும். அதலைக்காய்க்குத் தலையும் வாலும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். முருங்கைக்கீரையை உருவ வேண்டும். பீன்ஸும் கேரட்டும் எல்லா நாளும் எல்லா வீட்டிலும் ஜெயித்ததற்கு ருசி காரணமில்லை. ஐந்து நிமிடத்தில் நறுக்கிவிடலாம், அதுதான் காரணம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். சாக்கு விரிப்பில் வாங்கிய எதையும் வாங்கியவனே உட்கார்ந்து ஆய வேண்டும். டிவி முன்னால் முறத்தோடு உட்கார்ந்து இப்போது எனக்கு வேகம் வந்துவிட்டது. மகளும் அவ்வப்போது உட்காருவாள், உரித்த மொச்சையைத் தோட்டுக்குள்ளும் தோட்டை மொச்சைக்குள்ளும் போட்டுக் குழப்புவாள்.

பனங்கிழங்கு விஷயத்தில் மகள் என்னைக் காப்பாற்றினாள். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையை மண்ணில் பதித்துவைத்தால் தை பிறக்கும்போது கிழங்காகத் தோண்டலாம். மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்து, நெடுக இரண்டாகப் பிளந்து, நடுவில் ஓடும் தும்பை உருவி எறிந்துவிட்டு, விரல் நீளத்துக்கு ஒடித்து அவள் டப்பாவில் வைத்தேன். திரும்பி வரும் என்றுதான் நினைத்தேன். காலி டப்பா வந்தது. விசாரித்தால், இவள் ஒன்றுகூடத் தின்னவில்லை. நாலு துண்டைக் கொடுத்து ஒருத்தியிடம் சிப்ஸ் வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் பாட்டிக்கு ராமநாதபுரமாம். ஊர்ச் சாமான் பார்த்ததும் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டாளாம். தை மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் பனங்கிழங்கு அந்த வீட்டுப் பாட்டிக்குப் போனது, அந்த வீட்டு சிப்ஸ் எங்களுக்கு வந்தது.

மாசியும் பங்குனியும் தின்பதற்கு இல்லை, சேர்த்து வைப்பதற்கு. நகரத்துக்கு வந்து நாம் முதலில் மறந்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். புது புளி அப்போதுதான் இறங்கும். ராமநாதபுரம் முண்டு வத்தலும் அதை ஒட்டித்தான். குண்டாக, கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும், காரத்தைவிட மணம் தூக்கலாக இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். அம்மா வருடத்துக்குப் போதுமான புளியை ஒரே தடவையில் வாங்கச் சொல்வாள். கோது எடுத்து, கொட்டை தட்டி, மாடியில் நல்ல வெயிலில் போட்டு, கல்லுப்பு தூவி உருட்டிப் பானையில் அடுக்குவது மூன்று நாள் வேலை. நாள் போகப் போகக் கறுக்கும். கறுத்த புளியின் குழம்புக்கு ருசியே வேறு. கடையில் அரைக் கிலோ பாக்கெட் வருடம் முழுக்கக் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நானும் கேட்டேன். தக்காளி 100 ரூபாய் விற்ற மாதத்தில் அந்தப் பானையைத்தான் திறந்தோம் என்பதால் அதற்கப்புறம் கேட்பதில்லை.

வத்தலும் அப்போதே. சீனியவரை, கத்தரி, சுண்டை, மிதுக்கு வத்தல். சுக்காங்காயைத்தான் சில ஊரில் மிதுக்கங்காய் என்பார்கள். அதுவும் அதலைக்காய் மாதிரி காட்டுக் கொடிதான், ஆனால் இவ்வளவு அவசரக்காரன் இல்லை. மோரில் ஊறப்போட்டுக் காய வைத்தால் வருடம் தாங்கும். ஒரு வருடம் மாடியில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தபோது கோடை மழை வந்து மொத்தமும் கூழானது. நான் அலுவலகத்தில். அம்மாவால் படி ஏற முடியாது. கீழ் வீட்டுப் பையன் ஓடிப்போய் எடுத்து வந்தது ஒரு முறம். மிச்சத்தைக் காக்காய்கூடத் தொடவில்லை.

சரி, கோடை. மதுரைக்காரனிடம் கோடையைப் பற்றிக் கேட்டால் புலம்பத்தான் செய்வான், ஆனால் தின்பதற்கு அதைவிட நல்ல காலம் இந்த ஊரில் கிடையாது. பங்குனியில் கொடுக்காப்புளி வரும், சுருண்ட தோலுக்குள் வெள்ளையும் ரோஸுமாக. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வெள்ளரிப் பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப் பொடி தடவிக் கொடுப்பார்கள். கள்ளழகர் வைகையில் இறங்குகிற அன்றைக்குத் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் ஊற்றுவார்கள்.

அப்புறம் நுங்கு. நுங்கு வாங்குவதில் என் படிப்பு இன்னும் முடியவில்லை. வெட்டுகிறவர் குலையிலிருந்து ஒரு காயை எடுத்து, அரிவாளால் தலையைச் சீவி, உள்ளே மூன்று கண்ணையும் காட்டுவார். பெருவிரலால் ஒரு கண்ணை லேசாக அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுங்கினால் இளசு. அமுங்காமல் முறைத்தால் கடுக்காய், அதாவது முற்றிப்போனது. கடுக்காயைத் தின்றால் வயிறு வலிக்கும் என்பது அம்மா சட்டம். நான் முதல் வருடம் வெட்ட வெட்ட வெட்கப்பட்டுக்கொண்டு பார்க்காமலே வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் 12 கண்ணில் 7 கடுக்காய். இப்போது வெட்கப்படுவதில்லை. இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. நுங்கின் பழுப்புத் தோலை எடுத்துவிட்டுத் தின்பவர்கள், தோலோடு தின்பவர்கள் என்று எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் தோலோடு. லேசாகத் துவர்க்கும், அது இல்லாவிட்டால் நுங்கு வெறும் தண்ணீர்.

மாம்பழத்துக்கு நான் சித்திரை பாதி வரை காத்திருப்பேன். அதற்கு முன்னால் மஞ்சளாக மின்னுகிற பழத்தைக் கண்டால் கல் வைத்ததோ என்று சந்தேகம் வந்துவிடும். கார்பைடு கல்லுக்குச் சட்டப்படி தடை உண்டு, ஆனாலும் மூக்கை நம்புவதுதான் நல்லது. காம்புப் பக்கம் முகர்ந்து வாசனை வராவிட்டால் எனக்கு அது பழமில்லை. நத்தம் பக்கத்திலிருந்து கல்லாமை, காசா, செந்தூரம், சப்பட்டை என்று வரிசையாக வரும், கடைசியில் இமாம்பசந்த் மாப்பிள்ளை மாதிரி தனிப் பெட்டியில் வந்து இறங்கும். எனக்குக் கல்லாமை போதும். விலை குறைவு, தோலோடு கடிக்கலாம், கைமணிக்கட்டு வரை சாறு வழியும்.

இதே நேரத்தில்தான் முருங்கையின் பழிவாங்கல். கார்த்திகையில் எண்ணிக் கொடுத்தவர்கள் பங்குனியில் கட்டுக் கட்டாகத் தூக்கிப் பைக்குள் திணிப்பார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வரும். ஒரு சித்திரையில் எங்கள் வீட்டில் தொடர்ந்து 9 நாள் முருங்கைக்காய் ஓடியது. சாம்பார், புளிக்குழம்பு, கத்தரியோடு கூட்டு, மசாலா, அவித்து உள்ளே இருக்கிற சதையை வழித்துப் பொரியல், கருவாட்டோடு ஒரு நாள். எட்டாவது நாள் மகள் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் சக்கைகளை அடுக்கி வேலி கட்டினாள். பருவத்தில் சாப்பிடுவது என்றால் தட்டில் வானவில் மாதிரி விதவிதமாக இருக்கும் என்று படம் போடுகிறார்களே, அவர்கள் முருங்கை மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ஒரே காயை அலுக்கும் வரை தின்பது, அப்புறம் பல மாதம் அதைக் கண்ணிலேயே பார்க்காமல் இருப்பது, இரண்டும்தான் இது. அலுப்பையும் ருசியின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது. என் மைத்துனருக்கு ஒத்துவரவில்லை. நாலு நாள் தங்க வந்தவர் இரண்டாம் நாளே வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மீனுக்கும் பருவம் உண்டு என்பதைத் தடைக்காலம் வந்தால்தான் நினைப்போம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகாது. ராமேசுவரம் மீன் குறையும், இருக்கிறதும் விலை ஏறும். ஆனால் அதே நாட்களில்தான் மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் வற்றி, ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். அதிகாலையில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையோடும் கச்சா வலையோடும் ஊரே கண்மாய்க்குள் இறங்கும். பிடித்த மீனை விற்க மாட்டார்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைப்பார்கள். அலுவலகத்து அண்ணன் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். வருடத்துக்கு ஒரு தடவை எனக்கு ஒரு தூக்குவாளி கெளுத்திக் குழம்பு வரும். மண்வாசனை அடிக்கும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அடிக்கத்தான் செய்யும். கண்மாய்க்குள் கிடந்த மீன் வேறு எப்படி மணக்கும்?

ஆனி முடிந்து ஆடிக் காற்று அடித்தால் நாவல். நாக்கை நீட்டிக் காட்டுகிற வயதில் மகள் இருப்பதால் அதற்கு வீட்டில் ஆதரவு அதிகம். அழகர் மலைமேல் பழமுதிர்சோலையில் முருகன் ஔவையாரிடம் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட கதைக்கான மரம் என்று ஒரு நாவல் மரத்தைக் காட்டுவார்கள். ஊரில் உள்ள நாவலெல்லாம் ஆடி, ஆவணியில் பழுக்க, அந்த மரம் மட்டும் ஐப்பசியில் கந்த சஷ்டியை ஒட்டிப் பழுக்கும் என்பார்கள். நான் கந்த சஷ்டி சமயத்தில் போய்ப் பார்த்ததில்லை. புரட்டாசி வாக்கில் மலையடிவாரத்துச் சீத்தாப்பழம் கூடையில் வரும், அதில் பாதியை எறும்பு முந்திக்கொள்ளும். கம்பம் பன்னீர்த் திராட்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் வருடம் முழுக்கத் திராட்சை அறுவடை நடக்கிறது. என் கணக்குப் புத்தகத்தில் ஒட்டாத பழம்.

நன்றாகச் சாப்பிட்டு, கடைசியில் கிடைக்காமலே போன ஒன்றும் இருக்கிறது. சிறுமலை வாழைப்பழம். சிறுசாக, தோல் சுருங்கினால்தான் பழுத்தது என்று அர்த்தம், உள்ளே கெட்டியாகத் தேன் மாதிரி. முடிக்கொத்து நோய் வந்து பல தோட்டங்களை அழித்த பிறகு வரத்துக் குறைந்துபோன பழம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனதும் இந்த மலைவாழை இனம்தான். என்னிடம் எப்போதாவது கொண்டுவந்து கொடுக்கிற ஒரு வண்டிக்காரர் இருந்தார். இரண்டு வருடமாக அவர் வண்டியில் வேறு பழம்தான் இருக்கிறது. சிறுமலைப் பழம் என்று போர்டு போட்டு விற்கிற வேறு பழத்தை நானும் இரண்டு முறை வாங்கி ஏமாந்தேன்.

போன ஐப்பசியில் மழை பிந்தியது. தீபாவளி முடிந்த பிறகுதான் ஒழுங்காகப் பெய்தது. பத்து நாள் கழித்து வெள்ளனே எழுந்து போனேன். பாட்டி வழக்கமான மின்கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் சாக்கு முக்கால்வாசி காலியாக இருந்தது. ஒரு ஓரத்தில் இரண்டு கைப்பிடி அதலைக்காய்.

"என்ன ஆத்தா, இம்புட்டுத்தானா?"

"சோளக்காட்டுக்கெல்லாம் களைக்கொல்லி மருந்து அடிச்சுட்டாக ராசா. கொடி எங்கிட்டு வரும்? வேலியில கெடந்ததப் பொறுக்கிட்டு வந்தேன்."

கால் கிலோ 40 ரூபாய் என்றார். முன்பு இதே காசுக்கு அரைக் கிலோ வாங்கியிருக்கிறேன். பேரம் பேசவில்லை. இருந்ததை மொத்தமாக வாங்கினேன். அதுவே கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் கூட. எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுகிற நேரம்கூட அம்மா கொடுக்கவில்லை. முறத்தை என் முன்னால் தள்ளினாள்.

தலையும் வாலும் கிள்ளினேன். கழுவி, வடிய விட்டேன். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, இரண்டு முண்டு வத்தல் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயத்தை நிறைய நறுக்கி வதக்கி, காயைக் கொட்டி, உப்பும் துளி மஞ்சளும் போட்டு மூடினேன். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. காய் சுருண்டு நிறம் மாறியதும் தேங்காய்ப்பூ, ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம். அம்மா ஒரு காயை விரலால் எடுத்து ஊதி வாயில் போட்டு, "இன்னும் ரெண்டு நிமிசம்" என்றாள்.

மகளுக்கு இப்போது 13 வயது. தட்டில் அவள் பங்குக்கு ஆறு காய் வைத்தேன். வெங்காயத்தைப் பொறுக்கித் தின்றாள், தேங்காயை வழித்துத் தின்றாள், ஒரு காயைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மிச்ச ஐந்தை அம்மா தட்டுக்குத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "இது வெடிச்சப்பதான்ப்பா நல்லா இருந்துச்சு."